அடியிலிருந்து ஆறும் புண்: பவுத்திர அறுவையின் நெடுவரலாறு

மலவாயின் உட்புறச் சுவரில் அமைந்துள்ள நுண்ணிய சுரப்பிகளில் ஒன்று தொற்றுக்கு உள்ளாகிச் சீழ் பிடித்து, அச்சீழ் தசைகளின் ஊடே வழி தேடிப் பிட்டத்தின் தோலை உடைத்துக்கொண்டு வெளிவந்த பின்னும் அடைபடாமல், உள்ளே ஒரு வாயும் வெளியே ஒரு வாயுமாக நிலைத்துவிடும் புரையோடிய பாதையே பவுத்திரம் எனப்படுகிறது. இதற்குச் செய்யப்படும் அறுவை, பார்வைக்கு எளியது: ஒரு வாயிலிருந்து மறு வாய்வரை சலாகை எனப்படும் மெல்லிய உலோகக் கம்பியைச் செலுத்தி, அதன் மேலுள்ள தோலையும் சதையையும் பிளந்து, குழாயாக இருந்ததைத் திறந்த வாய்க்கால் ஆக்கிவிடுவதே அதன் சாரம். ஆனால் வேறு அறுவைகளில் கத்தி வேலை முடிந்ததும் ஊசியும் நூலும் வந்து காயத்தை மூடிவிடுவது போல இங்கே நடப்பதில்லை. பிளந்த இடம் பெரும்பாலும் தைக்கப்படாமலே விடப்படுகிறது. அதன் அடியிலிருந்து புதுச் சதை சிறிது சிறிதாக மேலெழுந்து பள்ளத்தை நிரப்பி, இறுதியில்தான் தோல் மூடவேண்டும். இதற்கு நான்கு வாரங்கள் ஆகலாம், மூன்று மாதங்கள் ஆகலாம், புரை கிளைத்திருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். இவ்வளவு நாள் ஆறாமல் கிடப்பதைக் கண்டு அறுவை பொய்த்துவிட்டதாக நோயாளி அஞ்சுவது இயல்பே. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இந்நோயின் மருத்துவ வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, மருத்துவர்கள் இடறியது பெரும்பாலும் புண்ணை விரைந்து மூட முயன்றபோதும், அதைக் காரமருந்துகளால் அலைக்கழித்தபோதும்தான் என்பதும், மெதுவாக ஆறவிடத் துணிந்தவர்களே நோயை வேரறுத்தனர் என்பதும் தெளிவாகின்றன.

கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் பவுத்திரத்திற்கென்றே ஒரு தனி நூல் இருக்கிறது. பச்சைப் பூண்டுத் தண்டைப் புரைக்குள் செலுத்தி அதன் ஆழத்தை அளப்பது, பின்னர் பல இழை சேர்த்து முறுக்கிய நாரிழையோடு குதிரைமயிரைச் சுற்றிப் புரை வழியே கோத்து வெளியே முடிச்சிடுவது, அம்முடிச்சை நாள்தோறும் இறுக்கி வருவது என்று அந்நூல் முறைப்படுத்துகிறது. இறுகும் நூல் தான் அழுத்திய சதையை மெல்ல அறுத்துக்கொண்டே வருவதால், முன்பக்கம் அறுபடும் வேகத்திலேயே பின்பக்கம் ஆறிக்கொண்டும் வரும். நாரிழை சீழில் ஊறி அழுகிவிட்டால், அழுகாத குதிரைமயிரின் நுனியில் புதிய இழையைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே மயிர் சேர்க்கப்பட்டது. ஒரே வீச்சில் அறுக்காமல் நாட்கணக்கில் அறுக்கும் இம்முறையில், அறுவையும் ஆறுதலும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே செயலாக இருந்தன.

இந்தியாவில் சுசுருத சம்கிதை பகந்தரம் என்ற பெயரில் இந்நோயைக் குணப்படுத்துதற்கரிய எட்டுப் பெருநோய்களுள் வைத்து எண்ணுகிறது. புரையின் போக்கையும் சீழின் தன்மையையும் கொண்டு அதனை ஐந்து வகையாகப் பிரிக்கும் அந்நூல், பல வாய்கள் கொண்ட புரையை எப்படிப் பிளக்கவேண்டும் என்பதற்குக் கலப்பை வடிவம், அரைக்கலப்பை வடிவம் என வெட்டின் உருவங்களையே வகுத்துத் தருகிறது. கத்திக்கு அஞ்சுவோர், மெலிந்தோர், உயிர்நிலையை ஒட்டிப் புரை உள்ளோர் ஆகியோருக்குக் காரம் ஏற்றிய நூலைக் கோத்து அறுக்கும் முறையையும் புரைப்புண் பற்றிய இயலில் அது கூறுகிறது. இவற்றைக் காட்டிலும் குறிப்பிடத்தக்கது, புண்ணைப் பேணுவதற்கென்று அறுபது செயல்முறைகளை அந்நூல் வகுத்திருப்பதாகும். வீக்கம் தணிப்பது முதல் ஆறிய தழும்பில் மயிர் முளைக்கச் செய்வது வரை நீளும் அப்பட்டியல், கத்தி வேலை முடிந்த இடத்தில் மருத்துவனின் கடமை முடிந்துவிடவில்லை என்ற உணர்விலிருந்து எழுந்தது.

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் இந்த அறிவு மங்கிக் கிடந்தது. பவுத்திரத்தைத் தொட்டால் பழி வரும் என்று பெயர்பெற்ற மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டனர்; துணிந்தவர்களோ அரிக்கும் மருந்துகளைப் புரைக்குள் ஊற்றி, நோயைவிடக் கொடிய புண்ணை உண்டாக்கினர். இந்நிலையில் 1307இல் பிறந்து, 1349 முதல் 1370 வரை இங்கிலாந்தின் நியூவார்க் நகரிலும் பின்னர் லண்டனிலும் தொழில்புரிந்த ஜான் ஆர்டர்ன், 1376 அளவில் பவுத்திரம் பற்றி எழுதிய நூல் இத்துறையின் திருப்புமுனையாக அமைந்தது. அவர் புகழுக்குக் காரணமான முதல் நோயாளி சர் ஆடம் எவரிங்காம் என்ற வீரர். டார்பிப் பிரபு ஹென்றியுடன் பிரான்சின் காஸ்கனிப் பகுதிக்குப் போர்மேற் சென்றபோது நோயுற்ற அவர், அங்குள்ள போர்தோ, துலூஸ் நகரங்களின் மருத்துவர்கள் எல்லோரும் கைவிட்ட பின், ஊர் திரும்பிக் கவசத்தைக் களைந்து துக்க ஆடை பூண்டு சாவுக்குக் காத்திருந்தார். ஆர்டர்ன் அவருக்கு அறுவை செய்து, அரை ஆண்டில் முழுமையாகக் குணப்படுத்தினார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிங்காம் நலமாக வாழ்ந்தார் என்று அந்நூல் பெருமிதத்துடன் பதிவு செய்கிறது. அரை ஆண்டு என்பதை ஆர்டர்ன் குறையாகக் கருதாமல் வெற்றியாகவே கூறுவதை இங்கே கவனிக்கவேண்டும்.

அவருடைய அறுவைமுறை நுணுக்கமானது. வளைந்து கொடுக்கும் சலாகையைப் புரைக்குள் விட்டு, மலவாய்க்குள் வைத்த விரலால் அதன் முனையைத் தேடிப் பிடித்து, அதன்வழி நான்காக மடித்த வலிய நூலை இழுத்துக்கொள்வார். நூலின் இரு முனைகளையும் ஒரு கருவியின் துளை வழியே செலுத்தி, நரம்பிசைக் கருவியின் முறுக்காணியைப் போன்ற ஓர் ஆணியில் சுற்றி, அதைத் திருகித் திருகி நூலை விறைப்பாக்குவார். மலவாய்க்குள் கரண்டி போன்ற தகடு ஒன்றை நுழைத்து எதிர்ச்சுவரைக் காத்துக்கொண்டு, விறைத்த நூலின் வழியே கத்தியை ஓட்டி ஒரே இழுப்பில் புரையைப் பிளந்துவிடுவார். குருதியைப் பஞ்சால் ஒற்றி நிறுத்தி, முட்டைக் கருவும் ரோசா எண்ணெயும் போன்ற மென்மையான பூச்சுகளையே இட்டு, வலிய அரிமருந்துகளைத் தவிர்த்து, தேவைக்கு மேல் கட்டைப் பிரிக்காமல் புண்ணைத் தூய்மையாக வைத்திருப்பதே அவர் வகுத்த பின்சிகிச்சை. மயக்கமருந்தும் நுண்ணுயிர் பற்றிய அறிவும் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அடிக்கடி கிளறப்படும் புண் ஆறாது என்று பட்டறிவால் உணர்ந்த மனிதர் அவர்.

நோயாளியின் பொறுமையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை ஆர்டர்ன் நன்கு அறிந்திருந்தார். குணமாக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கப்பட்டால், தான் மனத்தில் கணித்த காலத்தைப்போல் இருமடங்கைச் சொல்லவேண்டும் என்று அவர் பிற மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறார். பாதிக் காலத்திலேயே குணமாகிவிட்டால், நோயாளியின் மனத்திண்மையும் உடல்வாகுமே காரணம் என்று விடை சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொன்ன நாள் கடந்தும் புண் ஆறாவிட்டால் நம்பிக்கை தகர்ந்து, நோயாளி சிகிச்சையை விட்டுவிடுவான். இதைத் தொழில்தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது; பல மாதங்கள் சீழ் கசியும் புண்ணோடு வாழ்பவனின் மனநிலையை நெருங்கி அறிந்தவரே இவ்வாறு எழுதியிருக்க முடியும். அதே வேளையில், செல்வரிடம் நூறு மார்க்கோ நாற்பது பவுனோ, அத்துடன் ஆடைகளும், வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு நூறு ஷில்லிங்கும் கேட்கலாம் என்றும், நூறு ஷில்லிங்குக்குக் குறைவாகத் தாம் எவரிடமும் பெற்றதில்லை என்றும் அவரே எழுதியிருப்பதால், இந்த நீண்ட பராமரிப்பு யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்பதும் புலப்படுகிறது.

ஆர்டர்னுக்கு மூன்று நூற்றாண்டுகள் கழித்து, பவுத்திரம் ஒரு பேரரசின் கவலையாயிற்று. 1686ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயிக்கு மலவாயருகே எழுந்த கட்டி புரையோடியது. பூச்சுகளும் ஒற்றடங்களும் பயனளிக்காத நிலையில், பாரேஜ் ஊரின் வெந்நீர் ஊற்று நோயைத் தீர்க்கும் என்று சிலர் கூற, மன்னரை அனுப்புவதற்கு முன் அதே நோயுடைய எளியோர் நால்வரை அங்கே அனுப்பிப் பார்த்தனர். அவர்களில் எவருக்கும் குணம் கிட்டவில்லை. அமைச்சர் லூவுவா தம் பொறுப்பிலிருந்த மனையில் நோயாளிகளைத் தங்கவைத்து, அரண்மனைக்கு வந்து குவிந்த களிம்புகளையும் தைலங்களையும் அவர்கள்மீது சோதித்துப் பார்க்கச் செய்தார். மன்னரின் உடலைக் காப்பதற்காகத் தம் உடலைச் சோதனைக்களமாக்கிய அம்மக்களின் பெயர்களை வரலாறு பேணவில்லை. அறுவை மருத்துவர் சார்ல் பிரான்சுவா பெலிக்சும் ஏழை நோயாளிகளிடம் கைப்பழகிய பின்னரே மன்னரை அணுகினார் என்று சொல்லப்படுகிறது.

1686 நவம்பர் 18 அன்று காலையில், வெர்சாய் அரண்மனையில், மன்னரின் இரண்டாம் மனைவி மதாம் தெ மாந்தெனோனும் அமைச்சர் லூவுவாவும் பாவமன்னிப்புக் குருவும் மருத்துவர்களும் சூழ அறுவை நடந்தது. நுனியில் சலாகையும் அதைத் தொடர்ந்து வளைந்த மெல்லிய அலகும் ஒன்றாக இணைந்த கத்தியொன்றைப் பெலிக்ஸ் இதற்கெனவே செய்வித்திருந்தார். பாரிசிலுள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் அரசக் கத்தி என்ற பெயருடன் அது பேணப்படுகிறது. மன்னர் வாய்விட்டு அலறவில்லை என்பதும், அன்றே அரசாங்க அலுவலைக் கவனித்தார் என்பதும் அரசவையினர் வியந்து பரப்பிய செய்திகள். ஆனால் அவர்கள் குறைவாகப் பேசிய மற்றொரு செய்தியே மருத்துவ வரலாற்றுக்கு முக்கியமானது. முதல் அறுவையோடு காரியம் முடியவில்லை. புண் சீராக ஆறாததால் டிசம்பரில் மீண்டும் அறுக்க வேண்டியிருந்தது. இத்தகைய புண்ணில், அடி நிரம்புவதற்குள் விளிம்புகள் முந்திக்கொண்டு ஒட்டினால், மேலே பாலம் போல் சதை படிந்து, கீழே மீண்டும் ஒரு புரை உருவாகிவிடும். அதைப் பிரித்துத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1687 ஜனவரி 30 அன்று மன்னர் பாரிசுக்குச் சென்று நகரமன்றத்தில் விருந்துண்டபோது, முதல் அறுவை முடிந்து பத்து வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் காலத்தின் மிகச்சிறந்த கவனிப்பும் புண் ஆறும் காலத்தைக் குறைத்துவிடவில்லை.

மன்னர் நலம்பெற்றதைக் கொண்டாட 1687 ஜனவரி 8 அன்று பாரிசில் தம் தேவதுதிப் பாடலை நடத்திய அவை இசைக்கலைஞர் லூலி, தாளத்திற்காகத் தரையில் ஊன்றிய கோலால் தம் கால்விரலையே குத்திக்கொண்டார். அப்புண் அழுகி, மார்ச் 22 அன்று அவர் இறந்தார். ஆழமான அறுவைப்புண் ஆறி ஒருவர் பிழைத்ததும், கால்விரலின் சிறு புண் புரையோடி மற்றொருவர் மாண்டதும், நுண்ணுயிர்களைப் பற்றி எவரும் அறியாத அக்காலத்தில் புண் என்பது எவ்வளவு கணிக்க முடியாததாக இருந்தது என்பதைக் காட்டுகின்றன. மன்னருக்கு வந்ததே தமக்கும் வந்திருப்பதாக எண்ணி முப்பதுக்கும் மேற்பட்டோர் அறுவை கேட்டு வந்தனர் என்றும், தேவையில்லை என்றபோது அவர்கள் வருந்தினர் என்றும் அறுவை மருத்துவர் பியேர் தியோனி பின்னாளில் எழுதினார். பெலிக்சுக்குப் பெரும்பொருளும் நிலமும் கிடைத்தன. முடிதிருத்துவோருடன் ஒரே குழுமத்தில் வைத்து எண்ணப்பட்ட பிரெஞ்சு அறுவை மருத்துவர்களின் மதிப்பும் அதன்பின் உயரத் தொடங்கியது.

ஆயினும் பெலிக்சின் வெற்றி எல்லோருடைய கையையும் நல்வழிப்படுத்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில், புரையின் சுவர் தடித்துக் கல்போல் இருப்பதைக் கண்டு, அது அழுகிய சதை என எண்ணி முழுவதுமாக வெட்டியெடுத்தவர்களும், அரிமருந்தால் கரைத்தவர்களும், பிளந்த பள்ளத்திற்குள் துணித்திரியைத் திணித்து இறுக அடைத்தவர்களும் மிகுந்திருந்தனர். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் பெர்சிவல் பாட் 1765இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தது. தடிப்பு என்பது அழற்சியின் விளைவே, சீழ் வடியத் தடையற்ற வழி கிடைத்தால் அது தானே கரையும். ஆகவே புரையை எளிமையாகப் பிளந்துவிட்டு, மென்மையான கட்டுடன் இயற்கை தன் வேலையைச் செய்ய விடுவதே போதும் என்பது அவர் வாதம். இறுகத் திணித்த திரி புண்ணை ஆற்றுவதில்லை, நோயாளியைத்தான் வதைக்கிறது என்பதை அவருக்கு முன் இவ்வளவு அழுத்தமாக எவரும் கூறியதில்லை.

மெல்ல ஆறும் புண்ணுக்குத் தேவைப்படுவது காலம். காலம் என்பது படுக்கை, உணவு, கூலியின்றிக் கழியும் நாட்கள். அன்றாடம் உழைத்து உண்பவர்களுக்கு இவை எட்டாப் பொருளாக இருந்ததால், நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குச் சென்றவர்களே பெரும்பான்மையர். பாத் நகரில் பிறந்த பிரடெரிக் சால்மன் 1835இல் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில், பவுத்திரத்தாலும் பிற மலக்குடல் நோய்களாலும் துன்புறும் ஏழைகளுக்கென்றே ஏழு படுக்கைகளுடன் ஒரு சிகிச்சை இல்லத்தைத் திறந்தது, இந்தக் குறையை நேராக எதிர்கொண்ட முயற்சியாகும். சொல்லவே கூசும் ஓர் உறுப்பின் நோய்க்கென்று தனி மருத்துவமனை அமைத்து, அதற்கு நகரப் பெருமக்களிடம் நன்கொடை திரட்டுவதற்கு மிகுந்த துணிவு வேண்டியிருந்தது. இடநெருக்கடியால் இடம்பெயர்ந்த அவ்வில்லம், 1854 ஏப்ரல் 25 அன்று, மாற்கு புனிதரின் திருநாளில், சிட்டி ரோடில் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டு, செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று பெயர்பெற்றது. எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்சுக்கு 1841 அக்டோபரில் சால்மன் பவுத்திர அறுவை செய்தபோது, மயக்கமருந்து நடைமுறைக்கு வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அந்தப் புகழ்பெற்ற நோயாளியும், ஆல்டர்ஸ்கேட் தெருவின் பெயரறியாத ஏழைகளும் ஒரே வேதனையைத்தான் தாங்கினர்.

ஆறாத புண்களில் சில வேறு நோயின் அடையாளங்கள் என்பது இதன்பின்தான் மெல்லப் புலனாயிற்று. நுரையீரல் காசநோயும் பவுத்திரமும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுவதைக் கவனித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர், பவுத்திரம் உடலின் நச்சை வெளியேற்றும் வடிகால் என்றும், அதை மூடினால் நோய் நுரையீரலைத் தாக்கும் என்றும் நம்பி, அத்தகையோருக்கு அறுவையையே மறுத்தனர். காசநோய்க் கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்த பின், அந்தப் புண் ஆறாததற்குக் காரணம் புண்ணிலேயே குடியிருக்கும் கிருமி என்பது விளங்கியது. காசநோய் இன்னும் ஒழியாத இந்தியாவில், அறுவைக்குப் பின் காரணமின்றி நீடிக்கும் புண்ணிலிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதிப்பது இன்றும் கைவிடமுடியாத நடைமுறையாகும். குடலின் நாட்பட்ட அழற்சியான கிரோன் நோய் 1932இல் விவரிக்கப்பட்டதும், ஆறாத பவுத்திரங்களில் மற்றொரு பகுதிக்கும் விளக்கம் கிடைத்தது.

செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பல தலைமுறைகளாகத் திரண்ட அனுபவம் நோயின் உடற்கூற்றைத் தெளிவாக்கியது. வெளிவாய் இருக்கும் இடத்தைக் கொண்டு உள்வாயை ஊகிக்கும் விதியை டேவிட் குட்சால் 1900இல் வகுத்தார். தொற்றுக்குத் தொடக்கம் மலவாய்ச் சுரப்பிகளே என்ற கருத்தை 1961இல் நிறுவிய ஆலன் பார்க்ஸ், 1976இல் நானூறு நோயாளிகளின் புரைகளை ஆராய்ந்து, மலத்தை அடக்கிவைக்கும் சுருக்குத்தசைகளைப் புரை எவ்வாறு கடக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார். உள்வாயை விட்டுவைத்தால் புண் ஆறியது போல் ஆறி மீண்டும் உடையும். அதைத் தேடிச் சுருக்குத்தசையை மிகுதியாக அறுத்தால் மலத்தை அடக்கும் ஆற்றலே போய்விடும். இந்த இருபுறத் தீங்கும் தெளிவான பின்னரே, சிலரிடம் அறுவையைப் பல கட்டங்களாகப் பிரித்துச் செய்வதும், நூலைக் கோத்துச் சீழ் வடியவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் முறையான சிகிச்சையாக ஏற்கப்பட்டன.

நூலின் பழைய வழி வாரணாசியில் புத்துயிர் பெற்றது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆயுர்வேத அறுவைத்துறையில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவருடைய குழுவினரும் 1960களில், சுசுருதர் சொன்ன காரநூலை, பின்வந்த ஆயுர்வேத நூலாசிரியர் சக்ரபாணிதத்தரின் குறிப்புகளோடு இணைத்து மீட்டெடுத்தனர். நாயுருவியை வேரோடு பிடுங்கி உலர்த்தி எரித்து, அச்சாம்பலை ஆறு மடங்கு நீரில் கரைத்துப் பலமுறை வடிகட்டி, தெளிந்த நீரைக் காய்ச்சி உப்பாக்கினால் காரம் கிடைக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த லினன் நூலுக்கு இலைக்கள்ளிப் பாலைத் தடவி உலர்த்துவது பதினொரு முறை. கள்ளிப்பாலுக்குப் பின் இக்காரத்தைப் பூசுவது ஏழு முறை. கள்ளிப்பாலுடன் மஞ்சள்பொடி பூசுவது மூன்று முறை. ஆக இருபத்தொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்தது ஏறும். இந்த நூலைப் புரையில் கோத்து முடிச்சிட்டு, வாரந்தோறும் பழைய நூலின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்து மாற்றிவந்தால், வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் புரை அறுபட்டு, அறுபட்ட இடம் பின்னாலேயே ஆறிவரும். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவமனைகளிலும் காரநூல் என்ற பெயரில் இம்முறை வழங்கிவருகிறது. நோயாளி படுக்கையில் கிடக்கத் தேவையின்றி நடமாடிக்கொண்டே சிகிச்சை பெறலாம் என்பது, சால்மனின் காலத்து ஏழைகளுக்குக் கிட்டாத வசதி.

இம்முறையை அறுவையோடு ஒப்பிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1991இல் வெளியாயின. புண் ஆறுவதற்கு அறுவையில் நான்கு வாரங்கள் ஆனபோது, காரநூலில் எட்டு வாரங்கள் ஆயின. ஆனால் ஓராண்டில் நோய் மீண்டும் வந்தவர்கள் அறுவைபெற்றோரில் நூற்றுக்குப் பதினொருவர், காரநூல்பெற்றோரில் நூற்றுக்கு நால்வர். இருமடங்கு காலம் பொறுத்தவர்களுக்கு நோய் திரும்பவரும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது என்பது, ஆர்டர்னின் அரை ஆண்டையும் வெர்சாயின் இரண்டாம் அறுவையையும் புரிந்துகொள்ள உதவும் அளவீடாகும். சுருக்குத்தசையை அறுக்காமலே புரையை இடையில் கட்டிவிடும் அறுவை 2007இல் தாய்லாந்திலிருந்து அறிமுகமானது. பிற புதிய முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. எனினும் பிளந்து திறக்கப்பட்ட புண்ணைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான நீரில் இடுப்புக் குளியல், மலம் இறுகாதபடி உணவு, விளிம்புகள் முந்தி ஒட்டிவிடாதபடி மருத்துவர் அவ்வப்போது பார்த்துப் பிரித்துவிடுவது, நீரிழிவு இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய பணிகளை எந்தப் புதுக் கருவியும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.